நாணயத்துக்கும் ஒரு காஸ்டிங் ஷீட் போடுங்கள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். எட்டு வருஷம் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு இப்போது சொந்தமாக இருபது தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர். நூல் விலை, கரண்ட் பில், ஆள் கிடைக்காதது எல்லாம் பேசி முடித்த பிறகு, "ஏனுங்ணா, நேர்மையா இருந்து இந்தத் தொழில்ல நிக்க முடியுங்களா?" என்றார். "பீசுக்கு எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கிண்டல் இல்லை. தமிழில் காசுக்கும் நாணயம்தான் பெயர், சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம்தான் பெயர். நேர்மைக்குக் காசு ஆகும் என்று அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. ஆனால் நாம் நேர்மையை மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நினைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்துவிடுகிறோம், ஷிப்மெண்டுக்கு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அதை எடுத்துப் பார்த்தால் கையில் காசும் இருக்காது, நேரமும் இருக்காது, அந்த நேரத்தில் யாரும் நல்லவராக இருக்க முடியாது. அதனால் அந்த ராத்திரி வருவதற்கு முன்னாலேயே என்னவெல்லாம் செய்து வைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது திருப்பூர் பனியன் தொழில், உதாரணமெல்லாம் அங்கிருந்துதான் வரும். நீங்கள் மிளகாய்ப்பொடி அரைப்பவராக இருந்தால் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்கிற இடத்தில் கலப்படம் என்று போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. "நேர்மையாக இருந்தால் லாபம் தானாக வரும்" என்று மேடையில் பேசுபவர்களை நான் நம்புவதில்லை. அப்படி எப்போதும் வருமென்றால் அதற்கு நேர்மை என்று தனியாகப் பேர் எதற்கு, கூட்டல் கழித்தல் என்றே சொல்லிவிடலாமே. சில நேரம் வரும், சில நேரம் பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிறவர், பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுவார். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

பொய் பிறக்கிற இடம்

ஃபேக்டரியில் நடக்கிற தில்லுமுல்லு எல்லாம் ஃபேக்டரியில் பிறப்பதில்லை. காஸ்டிங் ஷீட்டில், அதாவது பீசுக்கு என்ன செலவு என்று வரிவரியாகக் கணக்குப் போடுகிற எக்செல் ஷீட்டில் பிறக்கிறது. பையர் சொன்ன விலைக்குள் ஆர்டரை அடக்க வேண்டும் என்று நூல், நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் என்று ஒவ்வொரு வரியாகச் சுரண்டிக்கொண்டே வருவோம், கடைசியில் ஐந்து ரூபாய் இடிக்கும், "பார்த்துக்கலாம்" என்று சொல்லி ஆர்டரை ஒப்புக்கொள்வோம். அந்தப் "பார்த்துக்கலாம்"தான் பொய். மிச்சமெல்லாம் அதைச் செயல்படுத்துவதுதான், அதைச் செய்கிற கட்டிங் மாஸ்டரையும் மேனேஜரையும் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

ஒரு கணக்கு. 180 ஜி.எஸ்.எம். துணி தருவதாக ஒப்புக்கொண்டு 170 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி என்றால் மிச்சம் சுமார் 11 கிராம். துணி கிலோ 450 ரூபாய் என்றால் பீசுக்கு 5 ரூபாய். 20,000 பீஸ் ஆர்டரில் 1 லட்சம். கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, ரவுண்ட் கட்டரில் வெட்டித் தராசில் வைத்தால்தான் தெரியும். இந்த ஒரு லட்சம் எவ்வளவு இனிப்பானது என்று எனக்கும் தெரியும், நானும் தின்றிருக்கிறேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஓடிக்கொண்டிருக்கிற ஏதாவது ஒரு ஸ்டைலை எடுத்துக்கொண்டு அதற்கு இரண்டு காஸ்டிங் போடுங்கள். ஒன்று இப்போது நிஜமாக எப்படி ஓடுகிறதோ அப்படி. இன்னொன்று எல்லாம் சொன்னபடி இருந்தால் எவ்வளவு ஆகும் என்று: முழு ஜி.எஸ்.எம்., ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் (இது ஒன்றும் புதிதில்லை, 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்த விதி), பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லோருக்கும், சாயத்தண்ணீரைச் சுத்திகரிக்கிற பட்டறையின் ரேட், வெளியே வேலை செய்து தருகிற ஜாப் ஒர்க்காரர்களுக்குச் சொன்ன தேதியில் பணம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பீசுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், உங்களுக்கு மட்டும்.

நான் முதல்முறை போட்டபோது 140 ரூபாய் பீசில் ஆறு ரூபாய் சில்லறை வந்தது. சத்தியமாக எனக்கு ஆச்சரியம், முப்பது நாற்பது என்று மலை மாதிரி மனசில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்கிறேன். உங்களுக்குப் பன்னிரண்டு வரலாம், இருபதுகூட வரலாம். எண் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும், அதன்பிறகு இது உங்கள் குணத்தைப் பற்றிய கேள்வி இல்லை, ஆறு ரூபாயை எங்கே பிடிப்பது என்கிற கேள்வி.

எங்கே பிடிப்பது? முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். மார்க்கர் (துணியை எப்படி வெட்டுவது என்கிற வரைபடம்) வீணடிக்கிற துணி, திரும்பத் தைக்கிற பீஸ், குறையோடு செகண்ட்ஸில் போகிற பீஸ். எங்கள் ஆறில் மூன்றரை அங்கேயே கிடைத்தது. மிச்சத்துக்கு பையரிடம் போனோம். அவரிடம் "நாங்கள் நேர்மையானவர்கள்" என்று பேசக் கூடாது, ஏனென்றால் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள், சொல்லச் சொல்ல சந்தேகம்தான் வரும். "இந்த விலைக்கு 165 ஜி.எஸ்.எம். தருகிறேன், உங்கள் ஸ்பெக்கில் 165 என்றே எழுதிவிடுங்கள். 180தான் வேண்டுமென்றால் விலை இது" என்று இரண்டு சாம்பிளையும் மேஜையில் வையுங்கள். மெல்லிய துணி விற்பது குற்றம் இல்லை. 180 என்று சொல்லி விற்பதுதான் குற்றம். எங்களுக்கு ஒரு பையர் 165ஐ எடுத்துக்கொண்டார், இன்னொருவர் மூன்று ரூபாய் ஏற்றினார், மூன்றாமவர் போனவர் போனவர்தான்.

ஷிப்மெண்டுக்கு முந்தின நாள்

2013 ஏப்ரல் 23. டாக்காவை ஒட்டிய சவாரில் ராணா பிளாசா என்கிற எட்டு மாடிக் கட்டடத்தில் பெரிய விரிசல்கள் தெரிந்தன. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த பனியன், ஆடை யூனிட்டுகளில் மட்டும் மறுநாள் காலை ஆட்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். 24ஆம் தேதி காலை கட்டடம் விழுந்தது, 1,134 பேர் செத்தார்கள்.

இந்தச் செய்தியை நம் ஊரில் எல்லோரும் "பாவிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். எனக்கு அதில் உறுத்தியது வேறு. வங்கிக்கு ஒரு நாள் மூடினால் பெரிய நஷ்டம் இல்லை. ஆடை யூனிட்டுக்கு ஒரு நாள் மூடினால் கப்பல் போய்விடும், கப்பல் போனால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு மொத்த லாபத்தையும் தின்றுவிட்டு மேலே கடனும் வைக்கும். அந்தக் கணக்கு எனக்கும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். நம் கட்டடத்தில் விரிசல் இல்லை, அவ்வளவுதான். பாய்லர் வால்வு சரியில்லை என்று ஃபிட்டர் சொல்கிற அன்று, அவசர வழியில் கார்ட்டன் அடுக்கி வைத்திருக்கிற அன்று நாம் என்ன செய்கிறோம்?

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, எந்தெந்த விஷயத்தில் ஷிப்மெண்ட் போனாலும் பரவாயில்லை என்று வேலையை நிறுத்துவீர்கள் என்பதை இப்போதே, தலைக்கு மேல் வேலை இல்லாத ஒரு நாளில் எழுதுங்கள். நாலு வரிக்கு மேல் வேண்டாம். எங்களுடையதில் மூன்றுதான்: ஆளுக்கு ஆபத்து இருக்கிற மெஷினை ஓட்டுவதில்லை, வழியை அடைப்பதில்லை, ஃபெயில் ஆன டெஸ்ட் ரிப்போர்ட்டை மாற்றி எழுதுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் யார் நிறுத்தலாம் என்று பேர் போட வேண்டும், அதில் முதலாளி பேர் இருக்கக் கூடாது, ஏனென்றால் பேங்க் போன் வருவது அவருக்குத்தான். எங்களிடம் ஃபிட்டர் நிறுத்தலாம், லைன் சூப்பர்வைசர் அக்கா நிறுத்தலாம். போன ஐப்பசியில் அந்த அக்கா நிஜமாகவே நிறுத்தினார், எனக்கு வந்த கோபத்தை அடக்க மாடிக்குப் போய்விட்டேன்.

இரண்டு, "வேண்டாம்" என்று சொல்வதற்குக் காசு சேருங்கள். ஒவ்வொரு இன்வாய்ஸிலும் ஒரு சதவீதத்தை எடுத்து வேறு பேங்கில் ஒரு கணக்கில் போடுகிறேன். ஏர் ஃப்ரைட், டெபிட் நோட் (குறைக்காக பையர் பிடித்துக்கொள்கிற பணம்), ஒரு மாதம் ஆர்டர் இல்லாமல் சம்பளம், இதற்கு மட்டும்தான் அதைத் தொடுவது. ஆடிட்டர் சிரித்தார், பேங்க் ஓவர்டிராஃப்ட் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டே இதைத் தனியாக வைப்பது முட்டாள்தனம் என்றார். பேங்க் கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆனால் அந்தப் பணம் இருக்கிற தைரியத்தில்தான் மோசமான ஆர்டர் ஒன்றைப் பேச்சுவார்த்தையிலேயே விட முடிந்தது, அந்தத் தைரியத்துக்கு வட்டி கட்டுவதாக நினைத்துக்கொள்கிறேன்.

ஆட்களைப் பொய் சொல்ல வைக்காதீர்கள்

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டு சேவையை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தது. ஊழியர்கள் என்ன செய்தார்கள்? வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர்கள் பேரில் கணக்கு திறந்தார்கள். 2016இல் விஷயம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 பேர் வேலை போயிருந்தது, 2020இல் இன்னும் 300 கோடி டாலர் கட்டித் தீர்த்தார்கள். 5,300 பேரும் பிறவித் திருடர்களா? அந்த வங்கியில் நெறிமுறைப் புத்தகம் இல்லாமலா இருந்தது? இலக்கு ஒரு பக்கம் இழுத்தது, புத்தகம் அலமாரியில் இருந்தது.

உங்கள் இடத்தில் அந்த எட்டு எது என்று தேடுங்கள். எங்களிடம் செக்கிங்கில் இருந்தது. செக்கிங் பெண்களுக்கு பீஸ் ரேட் கொடுத்துக்கொண்டிருந்தோம், எத்தனை பீஸ் பார்க்கிறார்களோ அவ்வளவு காசு. ஓட்டை கண்டுபிடித்தால் அதை எடுத்து வைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு என்று இரண்டு நிமிஷம் போகும், அந்த இரண்டு நிமிஷம் அவர்கள் கூலி. அதாவது கண்ணை மூடிக்கொள்வதற்கு நானே காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் சம்பளத்துக்கு மாற்றினோம், செக்கிங்கை புரொடக்ஷன் மேனேஜர் கையிலிருந்து எடுத்தோம். முதல் மாதம் வேகம் குறைந்தது, மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அப்புறம் பழகிவிட்டது.

அடுத்தது கெட்ட செய்தி. இதில் தப்பு என்மேல்தான். ஒரு மெர்ச்சண்டைசர் பையன் ஷேடு மாறி வந்திருக்கிறது என்று வந்து சொன்னபோது எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அடுத்த முறை பிரிண்ட் உரிகிறது என்று தெரிந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை. எப்படியாவது போய்விடும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். 3,000 பீஸ் போய்ச் சேர்ந்து, டெபிட் நோட் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோபம் வராமல் இருக்க எனக்குத் தெரியாது, அதனால் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: தெரிந்த அன்றைக்கே வந்து சொன்னால் திட்டு இல்லை, மறைத்தது பிறகு தெரிந்தால் உண்டு. இதைச் சொல்லிவிட்டு முதல் மூன்று தடவை நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்த மூன்றில் ஒன்று தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சர்டிஃபிகேட்

2012 ஆகஸ்டில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்கிற ஆடைத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்தது. தொழிலாளர் நலனுக்கான சான்றிதழ் அது. செப்டம்பர் 11ஆம் தேதி தீப்பிடித்தது, கதவுகள் பூட்டியிருந்தன, ஜன்னலில் கம்பி. 250 பேருக்கும் மேல் செத்தார்கள். சான்றிதழ் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, இல்லாமல் ஆர்டர் கிடைக்காது. அதை வாங்கிவிட்டதாலேயே வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

நிஜத்துக்கு ஒன்று, பையர் ஆள் அனுப்பிச் செய்கிற ஆடிட்டில் காட்ட ஒன்று என்று இரண்டு அட்டெண்டன்ஸ் நோட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ஆடிட்டுக்கு முன்னால் ஆட்களை உட்கார வைத்து "எட்டு மணி நேரம்தான் வேலைன்னு சொல்லணும்" என்று பாடம் நடத்துகிறோமே, அன்றைக்கு அவர்கள் கற்றுக்கொள்வது இந்தக் கம்பெனியில் பொய் சொல்வது வேலையில் ஒரு பகுதி என்பதைத்தான். நாளைக்கு நூல் கோன் காணாமல் போய் விசாரிக்கும்போது அதே பாடத்தை உங்களிடமும் ஒப்பிப்பார்கள். இன்னொரு ஆபத்து, இதிலிருந்து இறங்க முடியாது. கம்பெனிக் கணக்கில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிய சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7ஆம் தேதி எழுதிய கடிதத்தில் அதைத்தான் ஒப்புக்கொண்டார். சின்ன வித்தியாசமாக ஆரம்பித்தது வருஷா வருஷம் வளர்ந்துவிட்டது, புலிமேல் ஏறிவிட்டு எப்படி இறங்குவது என்று தெரியாத நிலை என்று. நம் ஊர்ப் புலிவால் கதைதான்.

இறங்குவதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. திடீரென்று ஒரு நாள் நிறுத்தாதீர்கள், ஓவர்டைம் காசை நம்பி வாடகை கட்டுகிற ஆட்கள் அடுத்த நாளே வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். ஆறு மாதம் வைத்து நேரத்தைக் குறையுங்கள், கூலியைக் கொஞ்சம் ஏற்றுங்கள், இருப்பதிலேயே கொஞ்சம் நியாயமான பையர் ஒருவரிடம் நிஜ மணி நேரத்தைச் சொல்லி, எப்போது எவ்வளவு குறைப்போம் என்று கரெக்டிவ் ஆக்ஷன் பிளான் கொடுங்கள். பெரும்பாலான பையர்கள் நீங்களே சொன்னால் அவகாசம் தருவார்கள், அவர்கள் கண்டுபிடித்தால் தர மாட்டார்கள். எனக்கு ஒருவர் தந்தார். இன்னொருவரின் ஏஜெண்ட், "இதையெல்லாம் எதுக்கு சார் எழுத்துல கொடுக்கறீங்க" என்று சலித்துக்கொண்டு ஆர்டரை நிறுத்திவிட்டார். அதுவும் நடக்கும்.

தேதி

இதைத்தான் எல்லாவற்றையும்விட முதலில் செய்யச் சொல்வேன், சுலபமும் இதுதான். பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பவர் டேபிள் தையல், அயர்னிங் காண்ட்ராக்டர் எல்லோருக்கும் பணம் கொடுக்கிற தேதியை எழுதிக் கொடுத்து அந்தத் தேதியில் கொடுங்கள். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாள், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டப்படியும் அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும்.

ஆனால் வட்டிக்குப் பயந்து செய்யச் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்னால் ஊரில் இருக்கிற எல்லா பிரிண்டிங் டேபிளும் நிரம்பிக் கிடக்கும்போது அந்த பிரிண்டர் யார் பீசை முதலில் எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். சொன்ன தேதியில் காசு கொடுத்தவன் பீசைத்தான். ரேட் இரண்டு பைசா கூடக் கொடுத்தவனுடையதைக்கூட இல்லை. மெஷின் வாங்காமல் எனக்குக் கிடைத்த கெப்பாசிட்டி இது, நேர்மை வியாபார உத்தியாக மாறுவதை நான் கண்ணால் பார்த்த ஒரே இடமும் இதுதான். தேதி தவறப்போகிறது என்று தெரிந்தால் முந்தின நாளே போன் செய்யுங்கள், போனை எடுக்காமல் இருப்பதுதான் பேரைக் கெடுக்கிறது, தாமதம் இல்லை.

தனியாக முடியாதது

எல்லாவற்றையும் ஒரு ஆள் நல்லவராக இருந்து செய்துவிட முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். சாயத்தண்ணீரைச் சுத்திகரித்து விடுகிற பட்டறைக்காரர், ராத்திரி வால்வைத் திறந்து நொய்யலில் விடுகிற பக்கத்துப் பட்டறைக்காரரோடு விலையில் போட்டி போட முடியாது. இப்படி எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே விட்டதில், பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குளமாகி, அந்தத் தண்ணீர் வயலுக்கு வந்துவிடுமோ என்று விவசாயிகள் பயப்படுகிற நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது. அந்த மாதங்களில் துணிக்குச் சாயம் போட வெளியூருக்கு லாரியில் அனுப்பி அலைந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன செலவு என்று. அப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கழிவே வெளியேறாத முறைக்கு மாற்றினோம், இன்றைக்கு பையர் வந்தால் அதைத்தான் முதலில் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டுகிறோம். விவசாயிகள் வழக்குப் போட்டதால் கிடைத்த பெருமை என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை.

உங்கள் தொழிலிலும் இப்படி ஒன்று இருக்கும், நீங்கள் மட்டும் செய்தால் நீங்கள் மட்டும் மூழ்குவீர்கள் என்கிற மாதிரி. அதற்குத் தியாகியாகாதீர்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும், மீறினால் தண்டனை வேண்டும் என்று கேளுங்கள். அங்கே உங்களுக்குக் கிடைக்கிற முறைப்பு இலவசம், தாங்கிக்கொள்ளலாம்.

அந்தத் தம்பி போன வாரம் வாட்ஸ்அப்பில் காஸ்டிங் ஷீட் அனுப்பியிருந்தார். வித்தியாசம் பீசுக்கு ஒன்பது ரூபாய். உட்கார்ந்து பார்த்ததில் கட்டிங் வேஸ்டில் மட்டும் நாலு ரூபாய் இருந்தது. மிச்சம் ஐந்தைக் கேட்கத் திங்கட்கிழமை பையிங் ஆபீசுக்குப் போகிறார். சாம்பிள் இரண்டையும் கூடவே தராசையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.